மும்பையில் யாரும் இல்லை: கணக்கின் பாதுகாப்புப் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் காரைக்குடியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, என் ஜிமெயிலை மும்பையில எவனோ திறந்துட்டான். யூடியூப்ல வேற ஒரே கேம் வீடியோவா வருது. பாஸ்வேர்டை மூணு தடவை மாத்திட்டேன், அப்பவும் மும்பைன்னே காட்டுது" என்றார். மூன்றாவதாக வைத்த பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோய், அதை மீட்பதில் அரை மணி நேரம் போயிருந்தது.

மும்பையில் யாரும் இல்லை. அது அவருடைய கையிலிருந்த போன்தான். ஆனால் அதே பட்டியலில் கவனிக்க வேண்டிய வேறொன்று இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் என்று எல்லாரும் கணக்கு அமைப்புகளுக்குள் இப்படியொரு பட்டியலை வைத்திருக்கிறார்கள். எப்போது, எந்தச் சாதனத்தில், எங்கிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டது என்று அது சொல்லும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. திறப்பவர்களில் பாதிப் பேர் பெரியப்பாவைப் போலத் தவறான வரியைப் பார்த்துப் பதறுகிறார்கள். "என் அக்கவுன்ட்டை ஹேக் பண்ணிட்டாங்க" என்று நம்மிடையே சொல்லப்படும் கதைகளில் எத்தனை உண்மையில் ஹேக் என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. இந்தக் கட்டுரையில் கூகுள் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள்தான் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

வாசலில் ஒரு நோட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டு வைத்திருப்பார். வருகிறவர்கள் பெயர், வண்டி எண், எந்த வீடு, எத்தனை மணி என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த நோட்டு யாரையும் தடுக்காது. திருட்டு நடந்தால் மறுநாள் புரட்டிப் பார்க்க உதவும், அவ்வளவுதான். இன்னொன்று, அதில் இருக்கும் பெயரை வந்தவரே எழுதுகிறார். நேரத்தைச் சுவர்க் கடிகாரம் சொல்கிறது. வண்டி எண்ணைச் செக்யூரிட்டி தன் கண்ணால் பார்க்கிறார். ஒரே வரிதான், ஆனால் அதில் இருக்கும் மூன்று தகவலையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது.

உங்கள் கணக்கின் பட்டியலும் இப்படித்தான். கூகுள் கணக்கில் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போனால் இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கும். ஒன்று, சமீபத்திய பாதுகாப்புச் செயல்பாடு. புதிதாக ஒரு சாதனத்தில் உள்நுழைந்தது, பாஸ்வேர்டு மாறியது, மீட்பு எண் மாறியது போன்ற நிகழ்வுகள் கடந்த 28 நாட்களுக்கு அங்கே இருக்கும். இன்னொன்று, உங்கள் சாதனங்கள். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள், கடந்த 28 நாட்களில் யார் இருந்தார்கள் என்பது அங்கே. முதலாவது வாசல் நோட்டு. இரண்டாவது, மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி எடுத்த கணக்கு. நேரம் குறைவாக இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள் என்பேன்.

ஊர்ப் பெயரை ஏன் நம்பக் கூடாது

பெரியப்பாவைப் பதறவைத்தது ஊர்ப் பெயர். பட்டியலில் இருக்கும் தகவல்களில் மிகவும் பலவீனமானது அதுதான்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் தரப்படும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். 'முகவரி' என்ற சொல்லைக் கேட்டதும் கதவு எண், தெருப் பெயர் என்று மனம் போகிறது. அதைவிடத் தபால் முத்திரையை நினைத்துக்கொள்வது சரியாக இருக்கும். கிராமத்துத் தபால் பெட்டியில் போட்ட கடிதத்தில் பக்கத்து நகரத்துத் தபால் பிரிப்பு நிலையத்தின் முத்திரை விழுந்திருக்கும். கடிதம் எந்த வழியாக வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. எழுதியவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார் என்று அதற்குத் தெரியாது.

போன் டேட்டாவில் இது இன்னும் குழம்பும். பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத்தில் இருக்கும் சாதனங்களுக்கு அது போதவில்லை. அதனால் தொலைபேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. அந்த முகவரி நிறுவனத்தின் எந்த ஊர் மையத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, உங்கள் கணக்கில் அந்த ஊர் தெரியும். காரைக்குடிக்காரர் மும்பையாகவும் சென்னையாகவும் மாறி மாறித் தெரிவது இப்படித்தான். வி.பி.என். எனப்படும் மறைவழிச் செயலியைப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம், சிங்கப்பூர் என்றோ நெதர்லாந்து என்றோ வரும்.

நாட்டின் பெயர் ஓரளவு உதவும். வி.பி.என். போடாதவர், வெளிநாடு போகாதவர், அப்படிப்பட்டவரின் கணக்கில் வேறு நாடு தெரிந்தால் நின்று பார்க்கலாம். வெறும் ஊர்ப் பெயருக்காக இரவு பத்தரை மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டாம்.

சாதனமும் நேரமும்

சாதனத்தின் பெயர் இதைவிட நம்பகமானது. ஆனால் வாசல் நோட்டில் வந்தவரே தன் பெயரை எழுதுவதுபோல, இதையும் சாதனமே சொல்லிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை வலைப்பக்கத்தைக் கேட்கும்போதும் உங்கள் பிரவுசர் 'நான் குரோம், இன்ன விண்டோஸில் ஓடுகிறேன்' என்று ஒரு சுய அறிமுக வரியை அனுப்புகிறது. அந்த வரி எப்போதும் துல்லியமாக இருக்காது. விண்டோஸ் 11 போட்ட கணினியும் அந்த வரியில் விண்டோஸ் 10 என்றே சொல்லிக்கொள்ளும். போன் என்றால், கடையில் கேட்டு வாங்கிய பெயருக்குப் பதிலாக ஒரு மாடல் எண் வந்து நிற்கலாம். 'இது என் போனே இல்லை' என்று முடிவு செய்யுமுன் போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்து அந்த எண்ணை ஒத்துப் பாருங்கள்.

நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதனங்கள் பட்டியலில் வரும் நேரம், நீங்கள் அதைக் கையில் எடுத்த நேரம் என்று பொருள் இல்லை. அந்தச் சாதனம் கடைசியாக எப்போது கூகுளோடு பேசியது என்பதே அது. அலமாரியில் சார்ஜில் கிடக்கும் பழைய டேப்லெட், வைஃபை இருந்தால் தானே மெயில் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் 'இன்று காலை 4:10' என்று காட்டும். விடிகாலை நாலு மணிக்கு யார் வந்தது என்று பேய்க்கதை கட்ட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பட்டியல் வெறும் பதிவேடு. ஊர்ப் பெயர் குத்துமதிப்பு. சாதனத்தின் பெயர் பெரும்பாலும் சரி. நேரம், அந்தச் சாதனம் கடைசியாகக் கூகுளோடு பேசிய நேரம். ஊர், சாதனம், நேரம் மூன்றையும் சேர்த்து வைத்து 'இந்தச் சாதனம் எங்கள் வீட்டில் யாரிடமாவது இருந்ததா, இருக்கிறதா' என்று கேட்டுக்கொள்வதுதான் படிக்கும் முறை.

செருப்பு டோக்கன்

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த பக்கத்துக்குப் போகும்போது ஏன் மறுபடி பாஸ்வேர்டு கேட்பதில்லை?

வலைத்தளங்கள் பேசிக்கொள்ளும் மொழிக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு நொடிக்கு முன்னால் வந்தவரை அடுத்த நொடி அதற்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். முதல் முறை வந்தவரிடம் ஒரு சிறு சீட்டைக் கொடுத்துவிடு, அடுத்த முறை அந்தச் சீட்டைக் காட்டினால் அடையாளம் தெரிந்துகொள். அந்தச் சீட்டுக்குத்தான் குக்கி என்று பெயர்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு தகர டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது உங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. டோக்கனை நீட்டினால் செருப்பு வரும். நீங்கள் நீட்டினாலும் வரும், அதைக் கீழே கிடந்து எடுத்தவர் நீட்டினாலும் வரும்.

பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனுக்கு வரும் ஓ.டி.பி., இவையெல்லாம் டோக்கன் வாங்குவதற்கான சோதனைகள். டோக்கன் கைக்கு வந்துவிட்டால் அந்தச் சோதனைகள் முடிந்தன. ஒரு டோக்கன் செல்லுபடியாகும் அந்தக் காலத்தைத்தான் செஷன் என்கிறார்கள். குரோமில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் ஒன்று என்று ஒரே கணினியில் இரண்டு மூன்று செஷன் இருப்பது சாதாரணம். பட்டியலில் ஒரே லேப்டாப் இரண்டு தடவை வந்தால் அதற்கும் பதற வேண்டாம்.

ஓ.டி.பி. போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பிரபல யூடியூப் சேனலைத் திருடர்கள் கைப்பற்றினார்கள். சேனலின் பெயர் டெஸ்லா என்று மாறியது. ஈலான் மஸ்க் முகத்தை வைத்துக் கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றியே பிழைப்பு நடத்தும் நிறுவனம் அது. நடந்தது என்னவென்றால், விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வந்த, பி.டி.எஃப். போலத் தெரிந்த கோப்பு ஒன்றை ஊழியர் ஒருவர் திறந்தார். அது பிரவுசரில் இருந்த டோக்கன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. திருடனுக்குப் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, ஓ.டி.பி.யும் தேவைப்படவில்லை.

அதனால்தான் சாதனங்கள் பட்டியலில் இருக்கும் 'வெளியேறு' பொத்தான் அவ்வளவு முக்கியம். அதை அழுத்தினால் அந்தச் சாதனத்தின் டோக்கன் செல்லாக்காசு ஆகிறது. கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பெரும்பாலான சாதனங்களிலிருந்து தானாக வெளியேற்றிவிடும். ஆனால் 'இது நீங்கள்தானா' என்று சரிபார்க்கப் பயன்படும் சாதனங்களையும், நீங்கள் அனுமதி கொடுத்த சில வெளிச் செயலிகளையும் அது விட்டுவைக்கும். பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று பட்டியலைப் பார்க்காமல் மூடிவிடக் கூடாது.

கொல்லைப்புறச் சாவி

வெளிச் செயலிகள் என்றேன் அல்லவா, அது தனிக் கதை.

ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொல்லைப்புறச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து வாசல் பூட்டை மாற்றினாலும் அந்தச் சாவி வேலை செய்யும். புதிதாக ஒரு செயலியைப் போடும்போது 'கூகுள் மூலம் தொடர்க' என்று அழுத்துகிறோமே, சில செயலிகள் அதோடு 'உங்கள் மெயில்களைப் படிக்க, அனுப்ப, நீக்க அனுமதி வேண்டும்' என்றும் கேட்கும். சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால், அது கொல்லைப்புறச் சாவி. அதற்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

2017 மே 3 அன்று இது பெரிய அளவில் நடந்தது. தெரிந்தவர் உங்களுடன் ஒரு கூகுள் டாக்ஸ் ஆவணத்தைப் பகிர்ந்திருக்கிறார் என்று மெயில் வந்தது. அழுத்தினால் உண்மையான கூகுள் பக்கமே திறந்தது. அங்கே 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட போலிச் செயலி ஒன்று மெயிலைக் கையாள அனுமதி கேட்டது. கொடுத்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அதே மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் நிறுத்திவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் சொன்னது. ஜிமெயில் அளவுக்கு அந்தச் சிறு துளியே லட்சக்கணக்கில் போகும். இதில் யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை.

இந்தச் சாவிகளின் பட்டியல் பாதுகாப்புப் பகுதியிலேயே, வெளிச் செயலிகளுடனான இணைப்புகள் என்ற பொருளில் இருக்கும். எனக்கு அங்கே பதினேழு பெயர்கள் இருந்தன. அதில் எட்டு எதற்காகப் போட்டேன் என்றே நினைவில்லை. ஒன்று 2016-இல் ஒரே ஒரு போட்டோவை எடிட் செய்யப் போட்டது.

மறுபடியும் சுருக்கமாக: கணக்குக்குள் இருக்க மூன்று வழிகள் உண்டு. பாஸ்வேர்டு தெரிந்து வருவது, டோக்கனை எடுத்துக்கொண்டு வருவது, அனுமதி பெற்ற செயலியாக வருவது. பாஸ்வேர்டை மாற்றுவது முதல் வழியை முழுதாக அடைக்கும். மற்ற இரண்டுக்கும் அவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

வந்தவன் விட்டுச்செல்லும் தடம்

உண்மையிலேயே உள்ளே வந்தவன் வேடிக்கை பார்க்க வருவதில்லை. திரும்ப வர வழி செய்துகொள்வான். அதனால் பாதுகாப்புச் செயல்பாட்டில் ஊர்ப் பெயரைவிட மாற்றங்களைத் தேடுங்கள். மீட்பு மொபைல் எண் மாறியிருக்கிறதா? மீட்பு மெயில் மாறியிருக்கிறதா? நீங்கள் சேர்க்காத பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தின் கைரேகையாலோ பூட்டாலோ திறக்கும் சாவி, புதிதாக இருக்கிறதா? மீட்பு எண்ணை அவன் மாற்றியிருந்தாலும், உங்கள் பழைய எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் 7 நாட்கள் வரை தரக்கூடும். அதனால் இந்த ஒரு வரியைச் சீக்கிரம் பார்ப்பதில் பலன் உண்டு.

பாதுகாப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல் ஜிமெயிலின் அமைப்புகளையும் பாருங்கள். கணினியில் திறந்தால் 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' என்று இரண்டு இடங்கள் இருக்கும். வங்கி மெயில் வந்தால் குப்பைக்கு அனுப்பு, ஒரு பிரதியை இன்ன முகவரிக்கு அனுப்பு என்று விதி எழுதிவிட்டால், அவன் வெளியேறிய பிறகும் உங்கள் மெயில் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜிமெயிலின் அடிப்பகுதியில் வலது ஓரம், சின்ன எழுத்தில் கடைசிக் கணக்குச் செயல்பாடு பற்றி ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் மெயில் பெட்டியை யார் எந்த வழியில் திறந்தார்கள் என்று தனியாகத் தெரியும். இது கணினியில் மட்டும்தான்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடந்த 30 நாட்களைக் காட்டும் அதன் பட்டியலில் தோற்றுப்போன முயற்சிகளும் வரும். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் தோல்வி, தோல்வி என்று வரிசையாக இருக்கும். எங்கோ கசிந்த மெயில் முகவரிகளை வைத்துக்கொண்டு இயந்திரங்கள் கதவைத் தட்டிப் பார்க்கின்றன. பாஸ்வேர்டு தனித்துவமாகவும், இரண்டாவது சோதனை போட்டும் இருந்தால் தட்டிக்கொண்டே இருக்கட்டும். 'வெற்றி' என்ற வரிகளை மட்டும் படியுங்கள்.

எச்சரிக்கையே பொய்யாக வந்தால்

2016 மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மெயில் வந்தது. யாரோ உங்கள் பாஸ்வேர்டை வைத்திருக்கிறார், உக்ரைனிலிருந்து உள்நுழையப் பார்த்தார், உடனே மாற்றுங்கள் என்று. பார்க்க அசல் கூகுள் எச்சரிக்கை. உதவியாளர்கள் கணினிப் பிரிவில் கேட்டார்கள். அங்கிருந்து 'இது உண்மையான மெயில்தான், அவர் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்று பதில் வந்தது. போலி என்று எழுத நினைத்து உண்மை என்று எழுதிவிட்டேன் என்பது அந்தப் பதிலை எழுதிய ஊழியர் பிற்பாடு தந்த விளக்கம். இதில் வருத்தமான விஷயம், அந்தப் பதிலில் கூகுளின் சரியான முகவரியும் இருந்தது. ஆனால் அழுத்தப்பட்டது போலி மெயிலில் இருந்த பொத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான மெயில்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது.

அசல் எச்சரிக்கையா போலியா என்று எழுத்துப் பிழையை வைத்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. அந்தப் பரிசோதனையே தேவையில்லை. மெயிலில் இருக்கும் பொத்தானைத் தொடாமல், பிரவுசரிலோ போனின் அமைப்புகளிலோ நீங்களாகவே கூகுள் கணக்கைத் திறந்து பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். எச்சரிக்கை அசல் என்றால் அதே செய்தி அங்கேயும் இருக்கும். இல்லையென்றால் மெயில் பொய்.

உண்மையிலேயே யாரோ இருந்தால்

முதலில், எந்தக் கணினியில் சந்தேகமோ அதிலிருந்து எதையும் செய்யாதீர்கள். டோக்கனை அள்ளும் நிரல் அதில் உட்கார்ந்திருந்தால் புது டோக்கனையும் அள்ளும். நம்பகமான போனிலிருந்து அந்தச் சாதனத்தை வெளியேற்றுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு விவரங்கள், வெளிச் செயலிகள், ஃபில்டர் என்று வரிசையாகப் பாருங்கள். வேறு தளங்களில் அதே பாஸ்வேர்டு இருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும், சோம்பல் பார்க்க முடியாது. பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சரி, பெரியப்பா கதைக்கு வருவோம். மும்பை வரியைத் தள்ளிவிட்டு, சாதனங்கள் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். அவருடைய போன், பெரியம்மாவின் டேப்லெட், ஹாலில் இருக்கும் டி.வி. நாலாவதாக இன்னொரு போன் இருந்தது. கடைசிச் செயல்பாடு, நாங்கள் பேசிக்கொண்டிருப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு. "இந்தப் போன் யாருது பெரியப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கியபோது பழையதை மதுரையில் எட்டாவது படிக்கும் பேரனுக்குக் கொடுத்திருக்கிறார். சிம்மைக் கழற்றியவர் கணக்கைக் கழற்றவில்லை. 'இது நீங்கள்தானா' என்று சரிபார்க்கும் சாதனமாக அது இருந்திருக்க வேண்டும், அதனால்தான் பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றியும் உள்ளேயே இருந்தது. நாலு மாதமாகப் பெரியப்பாவின் மெயில், போட்டோ, வங்கிச் செய்தி எல்லாம் அந்தப் பையன் கையில் இருந்திருக்கின்றன. அவன் அதில் எதையும் சீண்டவில்லை. விடிய விடிய கேம் வீடியோ மட்டும் பார்த்திருக்கிறான். "பரீட்சைக்குப் படிக்கிறான்னு அவங்க அம்மா சொன்னாளே" என்றார் பெரியப்பா. வெளியேறு பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த போனை மதுரைக்குப் போட்டார்.